பெட்டி வந்துச்சா... சாவி வந்துச்சா? பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு சினிமா நடை!

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் நல்ல கூட்டம். வாக்கிங் வந்த அங்கிள்கள், கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள், பாப்கார்ன் பாக்கெட்டோடு கல்லூரிப் பசங்க. ஏரிக்கு நடுவே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக் கொண்டிருந்தன.

எனக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம். அப்பா மொபைலில் பழைய ரஜினி படத்தின் சண்டைக் காட்சி. பையன் மொபைலில் போன வாரம் வந்த படத்தின் 30 நொடி ரீல்ஸ். அம்மா சீரியல். ஒரே பெஞ்சில் மூன்று தியேட்டர்!

"பார்த்தியாம்மா... மூணு ஸ்கிரீன். ஆனா ஆபரேட்டர் ஒருத்தன்கூட இல்ல" என்று சிரித்தார் என் பெரியப்பா.

அவர் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்துத் தியேட்டர் ஒன்றில் 20 வருஷத்துக்கு மேல் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். பெரியப்பா இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி.

ஆபீஸில் எனக்குக் கொடுத்த வேலை, 'பருத்திப்பட்டு ஏரியைப் பற்றி ஒரு வீக் எண்ட் ஸ்டோரி'. பெரியப்பாவோடு ஏரியைச் சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டோரி சினிமா பக்கம் திரும்பிவிட்டது. ஏரியை முடித்துக்கொண்டு சினிமாவுக்கு வருகிறேன்.

ஏரி தப்பித்த கதை

பருத்திப்பட்டு ஏரி ஏறத்தாழ 87 ஏக்கர். சுற்றிலும் வீடுகள் பெருகியதும் கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற நிலைமையில் இருந்தது. தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அதே வருஷம்தான் ஆவடி மாநகராட்சி ஆனது.

ஆவடி என்றால் பலருக்கும் டேங்க் தொழிற்சாலை, ராணுவக் குடியிருப்பு, 1955-ல் நடந்த காங்கிரஸ் மாநாடு இதெல்லாம்தான் ஞாபகம் வரும். பெரியப்பாவுக்கு ஞாபகம் வருவது செகண்ட் ஷோ. "ஃபேக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள்லயே வருவாங்க. சைக்கிள் ஸ்டாண்டு ரொம்பிட்டா ஹவுஸ்ஃபுல்னு அர்த்தம். டிக்கெட் கவுன்ட்டரைப் பார்க்கவே வேணாம்."

பெட்டி யார் கையில்?

அந்தக் காலத்தில் படம் என்றால் பெட்டி. தகர டப்பாக்களில் ஃபிலிம் சுருள்கள். ஒரு படத்துக்குப் பதினைந்து ரீல் பக்கம் வரும். ஒரு ரீல் முடியும்போது அடுத்த புரொஜெக்டரைச் சரியான நொடியில் ஓட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை வெள்ளையாகி, கீழே விசில் பறக்கும்.

"ஒரே பெட்டியை ரெண்டு தியேட்டர்ல ஓட்டுவோம். இங்க ஓடி முடிஞ்ச ரீலை ஒரு பையன் டி.வி.எஸ். ஃபிஃப்டில தூக்கிட்டு அந்தத் தியேட்டருக்கு ஓடுவான். ரயில்வே கேட் போட்டுட்டா போச்சு. இன்டர்வெலை நீட்டிக்க வேண்டியதுதான்!"

பிரின்ட் போடச் செலவு அதிகம். அதனால் பெரிய ஊர்களுக்கு முதலில் போகும். புறநகருக்கும் கிராமத்துக்கும் சில வாரம், சில மாதம் கழித்து, கோடு விழுந்து தேய்ந்து வரும். லேபுக்குப் பணம் கட்டாவிட்டால் பிரின்ட் வெளியே வராது. அதாவது, பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு முதலாளி.

2000-களின் நடுவில் இது மாற ஆரம்பித்தது. சென்னையில் 1986-ல் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனத்தின் 'க்யூப்', மும்பையின் 'யூ.எஃப்.ஓ.' இரண்டும் தியேட்டர்களுக்கு டிஜிட்டல் புரொஜெக்டரும் சர்வரும் கொண்டுவந்தன. படம் ஹார்டு டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வந்து இறங்கியது. 2012 ஜனவரியில் கோடக் நிறுவனம் திவால் மனு போட்டது. மறு வருஷம் ஃப்யூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. ஃபிலிம் சுருளின் காலம் அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

நல்லதும் நடந்தது. சென்னை மவுன்ட் ரோட்டில் வெளியாகும் அதே நாளில், அதே தரத்தில், ஆவடியிலும் படம் வந்தது. "அதைச் சொல்லணும்மா. எங்க ஜனங்க தேஞ்ச பிரின்ட் பார்த்தே பழகினவங்க. அவங்களுக்கு அது மரியாதை" என்றார், அதனால் வேலை இழந்த பெரியப்பா.

இப்போது சாவி

டிஜிட்டல் படத்துக்குப் பூட்டு உண்டு. எந்தத் தியேட்டர், எந்தத் திரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறித்து ஒரு டிஜிட்டல் சாவி அனுப்புவார்கள். அது வந்தால்தான் படம் திறக்கும். தமிழ் சினிமாவில் சில படங்களுக்கு அதிகாலைக் காட்சி ரத்தாகி, மதியம் வரை ரசிகர்கள் வாசலில் நிற்பார்களே, பல சமயம் விஷயம் இதுதான். ஃபைனான்ஸ் பாக்கி செட்டில் ஆகும்வரை சாவி வராது. முன்பு பெட்டி, இப்போது சாவி. கடன் மட்டும் அப்படியே இருக்கிறது!

டிஜிட்டல் கருவிகளுக்கு முதலீடு போட்ட நிறுவனங்கள், படத்தைத் திரையிட தயாரிப்பாளர்களிடம் ஒரு கட்டணம் வாங்கின. அதற்குப் பெயர் வி.பி.எஃப். பிரின்டே இல்லாத காலத்தில் பிரின்டுக்கான கட்டணம்! 'கருவியின் விலையை எடுத்த பிறகும் எத்தனை வருஷம் கட்டுவது?' என்று கேட்டு, 2018 மார்ச் 1 முதல் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தியது தயாரிப்பாளர் சங்கம். பிறகு ஷூட்டிங்கும் நின்றது. ஏப்ரல் 20-ல் 'மெர்குரி' வெளியானபோதுதான் தியேட்டர்களுக்குப் புதுப்படம் கிடைத்தது. அந்த ஐம்பது நாளில் அதிகம் அடிபட்டது லைட்மேன், மேக்கப் கலைஞர், தியேட்டர் கேன்டீன்காரர் போன்ற தினக்கூலிக்காரர்கள்.

டி.வி. வீட்டுக்குள் வந்தபோது...

பத்திரிகை, டி.வி., சினிமா ஒரே கையில் இருப்பது புதுசில்லை. 1928-ல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன்தான் பிறகு ஜெமினி ஸ்டூடியோவை நடத்தி, 1948-ல் 'சந்திரலேகா'வைப் பிரமாண்டமாக எடுத்து, அதைவிடப் பிரமாண்டமாக விளம்பரம் செய்தார். 1993-ல் தொடங்கிய சன் டி.வி., 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தின் மூலம் சினிமா விநியோகத்துக்கு வந்தது. 2010-ல் 'எந்திரன்' தயாரித்தது. டிரெய்லர் காட்டுகிற திரையும் படம் எடுக்கிற நிறுவனமும் ஒரே வீட்டில் இருந்தால், அந்தப் படம் நம் காதில் விழாமல் போக வாய்ப்பே இல்லை.

"அதுக்கு முன்னாடி போஸ்டர் ஒட்டுறவன்தான் எங்களுக்கு டி.வி." என்றார் பெரியப்பா.

2013-ல் கமல், 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டி.டி.எச். வழியாக வீட்டில் காட்டத் திட்டமிட்டார். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஏழு வருஷம் கழித்து, கொரோனா ஊரடங்கில் 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. அப்போதும் எதிர்ப்பு வந்தது. ஆனால், தியேட்டர்களே பூட்டிக்கிடந்த நேரம் அது. அந்தத் தீபாவளி சமயத்தில் 'சூரரைப் போற்று' படத்தை நம்மில் பலரும் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் பார்த்தோம்.

திரைகளும் கை மாறிவிட்டன. சென்னையின் சத்யம் சினிமாஸை நடத்திய நிறுவனத்தை 2018-ல் பி.வி.ஆர். வாங்கியது. 2023-ல் பி.வி.ஆரும் ஐனாக்ஸும் ஒன்றாயின. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியின் இந்திய வியாபாரமும் இணைந்தன, விஜய் டி.வி-யும் அதற்குள் வந்தது. 2025 பிப்ரவரியில் ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப் ஆகிவிட்டன. படத்தை வாங்க முன்பு நான்கு கதவுகளைத் தட்டியவர், இப்போது இரண்டு கதவுகளின் முன் வரிசையில் நிற்கிறார்.

வரிசையில் நிற்கும் எங்க அண்ணன்

அந்த வரிசையில் எங்கள் வீட்டு ஆளும் ஒருவர். பெரியப்பா மகன். உதவி இயக்குநர். அவர் வேலை பார்த்த ஒரு சின்ன பட்ஜெட் படம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பெரிய நடிகர் இல்லை. ஓ.டி.டி. பக்கம் போனால், 'முதலில் தியேட்டரில் ரிலீஸ் பண்ணிட்டு வாங்க, பார்க்கலாம்' என்கிறார்களாம். தியேட்டர் பக்கம் போனால், 'ஓ.டி.டி-யில் வித்தாச்சா? இல்லையா? அப்போ பப்ளிசிட்டிக்கு யார் பணம் போடுவா?' என்கிறார்களாம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தியேட்டரில் வந்த தமிழ்ப் படம் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓ.டி.டி-க்கு வந்துவிடுகிறது. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் வேண்டும் என்பது பெரிய மல்டிபிளெக்ஸ்களின் நிபந்தனை. 2023-ல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வராமல் போனது இதனால்தான். நான்கு வாரம்தானே என்று ரசிகர் வீட்டில் காத்திருந்தால், சின்ன படம் முதல் மூன்று நாளில் தியேட்டரை விட்டு இறங்கிவிடும்.

அண்ணனுக்கு இப்போது கல்யாண வீடியோ எடிட்டிங்தான் சோறு போடுகிறது. இதைச் சொல்லும்போது பெரியப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் படம் ஓட்டினேன். அவன் படம் எடுத்துட்டான். ஓட்டத்தான் ஆள் இல்ல."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

சினிமா மேற்கே வருகிறது

மறுநாள் காலை பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். காடுவெட்டியில் கூவம் ஆற்றைக் கடந்து, சென்னீர்குப்பம் தாண்டினால் பூந்தமல்லி. அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. ஒரு காலத்தில் தீம் பார்க்காக இருந்த இடம். நாம் டி.வி-யில் பார்க்கும் தமிழ் 'பிக் பாஸ்' வீடு இங்கேதான் போடப்பட்டது. 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்ததும் இங்கேதான். திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள் அவர்கள்.

கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் ஸ்டூடியோ நிலங்கள் மாலாகவும் அடுக்குமாடிகளாகவும் மாற மாற, படப்பிடிப்பு ஊருக்கு வெளியே நகர்ந்தது. பூந்தமல்லி அருகே சுமார் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில், தனியார் பங்களிப்போடு நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என 2024 பிப்ரவரியில் தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வி.எஃப்.எக்ஸ்., அனிமேஷன் வசதிகளோடு, ராட்சத எல்.இ.டி. திரையின் முன் நடிகரை நிறுத்திப் படமெடுக்கும் வசதியும் அந்தத் திட்டத்தில் உண்டு. ஸ்விட்சர்லாந்து மலைக்கு டிக்கெட் போட வேண்டாம்; பூந்தமல்லிக்கு பஸ் ஏறினால் போதும்!

மெட்ரோ ரயிலின் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடத்தில் வரும் ஸ்டேஷன்களைப் படித்தால் ஒரு சுவாரஸ்யம். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், போரூர், பூந்தமல்லி. தமிழ் சினிமா நகர்ந்து வந்த பாதைக்கே ரயில் விட்டது போல இருக்கிறது.

ஃபிலிம் சிட்டி வந்தால் நம்ம ஏரியா பசங்களுக்கு வேலை வருமா என்று பெரியப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "வரும். கரண்ட் வேலை, கார்பென்டர் வேலை, கம்ப்யூட்டர் வேலை எல்லாம் வரும். ஆனா ஒண்ணு... எங்களுக்கு மெஷின் மாறுனப்போ புது மெஷினைக் கத்துக்கொடுக்க யாரும் வரலை. நேரா கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. இந்தத் தடவையாச்சும் முன்கூட்டியே கத்துக்கொடுக்கச் சொல்லு" என்றார்.

ஐ.டி.ஐ-களும் கல்லூரிகளும் நிறைந்த பகுதி இது. அவர் கேட்டது பெரிய விஷயமில்லை.

கிளம்பலாமா?

பருத்திப்பட்டு ஏரிக்கு வர நினைப்பவர்கள் ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கி, பூந்தமல்லி போகும் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வரலாம். மாலை நேரம் பெஸ்ட். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பறவை பார்க்கிற ஆர்வம் இருந்தால், காலையில் சீக்கிரமே வந்துவிடுங்கள்.

திரும்பிப் போகும் வழியில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு தியேட்டர் கண்ணில் படும். போஸ்டரில் தெரியாத முகங்கள் இருந்தால், ஒருமுறை டிக்கெட் எடுத்துப் பாருங்கள். முடிந்தால் முதல் மூன்று நாளுக்குள்.

அண்ணன் படத்துக்கு ஒரு சின்ன விநியோகஸ்தர் பேசிக்கொண்டிருக்கிறாராம். தேதி முடிவானால், முதல் காட்சிக்குப் பெரியப்பாவைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கேபினுக்குப் பக்கத்துல, கடைசி ரோ சீட்டு எடும்மா. சாவி வந்துச்சான்னு நான் முதல்ல எட்டிப் பார்த்துக்கறேன்."