அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

கண்ணாடிச் சாமான் எது கையில் கிடைத்தாலும் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்ப்பேன். கல்யாண வீட்டில் பாயசம் குடித்த டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்து வீட்டுக்காரியிடம் வசவு வாங்கியிருக்கிறேன். தொழில் பழக்கம் என்று சொல்லிச் சமாளிப்பேன். அது முழு உண்மை இல்லை. தொழிலுக்கு வருவதற்கு முந்தியே வந்த பழக்கம் அது.

எங்க ஊர் டீக்கடையில் கிளாஸ் ரெண்டு வரிசை. ஊர்த்தெருக்காரர்களுக்கு உள்ளே பலகை மேல். எங்களுக்கு வெளியே, தட்டி ஓரம். நாங்களே எடுத்து, குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு வரணும். ரெண்டும் ஒரே கிளாஸ்தான். சந்தையில் ஒரே டஜனில் வாங்கியது. மாறிப் போய்விடக் கூடாதே என்று எங்கள் கிளாஸ் அடியில் மட்டும் கடைக்காரர் சிவப்பு எனாமல் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அ, ஆ படிக்கிறதுக்கு முந்தி நான் படித்த முத்திரை அது.

1983ல் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. காரைக்குடியில் ஒரு பழஞ்சாமான் கடையில் அப்பா சேர்த்துவிட்டார். கடை ஒரு பாயுடையது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த செட்டியார் வீடுகள் பல ஆட்டங்கண்டன. அப்புறம் பாகப்பிரிவினை. தூண், கதவு, விளக்கு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்தது. வந்த கண்ணாடியைச் சாம்பல் போட்டுக் கழுவுவது என் வேலை. கழுவுகிறவன் கைக்குத்தான் எல்லாம் தெரியும். தடவத் தடவத் தெரிந்தது.

ஊதிச் செய்த சாமானின் அடி நடுவில் ஒரு தழும்பு இருக்கும். ஊதி முடித்தபின் வாயைத் திருத்துவதற்காக அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்திருப்பான். அதை ஒடித்து எடுத்த இடம். பாய் அதைத் தொப்புள் என்பார். நயமான சரக்கில் தொப்புளைத் தேய்த்து வழுவழுப்பாக்கி இருப்பார்கள். அச்சில் அடித்ததில் தொப்புள் இருக்காது, பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். ஈயம் சேர்ந்த கண்ணாடியைச் சுண்டினால் மணி மாதிரி நெடுநேரம் இழுக்கும். சோடாக் கண்ணாடி 'டொக்'கென்று நின்றுவிடும். ஊரில் பழைய கண்ணாடி எல்லாத்துக்கும் 'பெல்ஜியம்' என்றுதான் பேர். அதில் பாதி பொஹீமியா. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று அச்சிட்டிருந்தால் 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது, அப்படி ஒரு நாடே அப்போதுதான் பிறந்தது.

இங்கிலாந்துச் சரக்கு என்றால் இன்னும் சுலபம். டைமன் மாதிரி ஒரு கட்டம், அதன் தலையில் வட்டத்துக்குள் ரோமன் மூன்று இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிந்த கண்ணாடி டிசைன். 1884லிருந்து வெறும் எண். மயில் தலை இருந்தால் கேட்ஸ்ஹெட் ஊர் சோவர்பி கம்பெனி. 'ஆர். லாலிக்' என்று இருந்தால் 1945ல் அந்த மனுசன் சாவதற்கு முந்தியது. அதற்குப் பிறகு 'ஆர்' போய் வெறும் 'லாலிக்'. ஆனால் பேரை நம்பி மோசம் போனவர்களும் உண்டு. பிரான்சின் எமில் காலே 1904ல் இறந்தார். அவர் பாணியில் ருமேனியாவில் செய்த ஜாடிகளில் 'டிப் காலே' என்று இருக்கும். 'டிப்' என்றால் அவர்கள் பாஷையில் 'மாதிரி'. வியாபாரிகள் 'டிப்'பை மட்டும் தேய்த்து அழித்துவிட்டுக் காலே என்று விற்பார்கள். பேரில் ஒரு சொல்லை அழித்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. நம்ம ஆட்கள் பட்டணத்தில் வீடு தேடும்போது ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் முழுங்குகிற ஞாபகம் எனக்கு வரும். அவன் லாபத்துக்கு அழிக்கிறான். நாம் இருக்க இடத்துக்கு.

மூன்று வருசத்தில் பாய்க்குக் கண்ணில் புரை விழுந்தது. அடியெழுத்து நான் படித்தால்தான் உண்டு. அப்போதுதான் அந்த வீடு வந்தது. பட்டை தீட்டிய குப்பி ஒரு ஜோடி, மூடி போட்டது. முகப்பு வாசலில் நான் கால் வைத்ததும் ஆச்சி கேட்டார்.

"பாய், அந்தப் பய எந்தத் தெரு?"

பாய் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"அப்ப கொல்லைப் பக்கமா வரச் சொல்லுங்க."

"இவன் பாத்தாத்தான் நான் வெல சொல்ல முடியும் ஆச்சி. என் கண்ணு போச்சு."

மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் சாக்கு விரித்து, வேலைக்காரம்மா குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். சுண்டினேன். இழுத்தது. மூடியிலும் கழுத்திலும் ஒரே எண் கீறியிருந்தது. ஒரு மூடியை ஒரு கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள், மாறிவிடாமல் தேய்த்தவனே போடுகிற எண். அந்தச் சாமானில் தொழிலாளி எழுதிய எழுத்து அது ஒன்றுதான். கவிழ்த்தேன். ரெண்டின் அடியிலும் காய்ந்துபோன வட்டக் காகிதம். அதில் குப்பி, கோப்பை, டம்ளர் படம். பிரான்சின் பக்காரா. 1860ல் பதிந்த லேபிள். 1936லிருந்துதான் எல்லாச் சாமானிலும் பேரைக் கண்ணாடியிலேயே பொறித்தார்கள். அதற்கு முந்திய சரக்குக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

"பாய், லேபிள் இருக்கு. ரெண்டுலயும்."

பாய் ஆச்சியிடம் விலை பேச உள்ளே போனார். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது வேலைக்காரம்மா ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து குப்பிகளின் மேல் ஊற்றினார். நான் தொட்டதால். "யம்மா, வேணாம், ஊத்தாதீங்க" என்று கத்தினேன். அவரும் எங்களைப் போல ஒரு கூலிக்காரிதான், உத்தரவு ஆச்சியுடையது. பழைய பசை. வட்டக் காகிதம் ரெண்டும் வழுக்கிக்கொண்டு சாணித் தண்ணியோடு போயின.

பாய் வந்து தடவிப் பார்த்தார். விலையைப் பாதியாகக் குறைத்தார். "அந்தப் பய கை பட்டுத்தான் கிழிஞ்சு போச்சு" என்றார் ஆச்சி. பாய் ஒன்றும் பேசவில்லை. வழியில் மட்டும், "நீ பாத்தது நெசந்தானடா?" என்று கேட்டார். நெசம் என்றேன். மெட்ராஸ் வியாபாரியிடம் பக்காரா என்றே விற்றார், முழு விலைக்கு. எனக்குப் பத்து ரூபாயும் பிரியாணியும். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் குப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. "எம் மாமியாக்காரி பித்தளைக் கொடத்தப் பரண்ல ஒளிச்சு வச்சிருந்துச்சுப்பா" என்றாள். ஏன் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1931ல் எங்க ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் நம் மக்களுக்குப் போட்ட தடைகளை சென்சஸ் கமிஷனர் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பிலும் பித்தளையிலும் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. அப்பத்தா குடத்தை ஒளித்தாளே தவிர விற்கவில்லை.

இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். அந்த மாதிரி வீடுகளுக்கு முகப்பு வழியாகவே போகிறேன். வெளிநாட்டில் சேகரிக்கிறவர்கள் நம் பிரோசாபாத்தில் செய்த வானவில் பளபளப்பு டம்ளரைக்கூடத் தேடுகிறார்கள். சிலதின் அடியில் 'ஜெயின்' என்று கம்பெனிப் பேர் அச்சிலேயே விழுந்திருக்கும். உலையில் வெந்தவன் பேர் எந்த நாட்டுச் சரக்கிலும் கிடையாது.

எங்க ஊர் டீக்கடையில் பிற்பாடு எங்களுக்குப் பிளாஸ்டிக் கப் வந்தது. உள்ளே கண்ணாடிதான். வெளிவரிசை கிளாஸ்களை மூட்டைகட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார்கள். அவனிடம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அச்சு வார்ப்பு, சோடாக் கண்ணாடி, பக்கத்தில் கோடு, கம்பெனி முத்திரை தேய்ந்துவிட்டது. சிவப்புப் பொட்டை எடுக்கச் சாம்பல் போட்டேன், டர்பன்டைன் போட்டேன். ஓரம்தான் கொஞ்சம் மங்கியிருக்கிறது.