பேசாத கூட்டாளிகள்

சீட்டாட்டம் குடியைக் கெடுக்கும் என்பர் பெரியோர். காசு வையாது ஆடின் அது பகையைத் தீர்ப்பதும் உண்டு.

என் நண்பர் இருவர் வேலித் தகராற்றினால் ஈராண்டாகப் பேசாதிருந்தனர். சென்ற ஆண்டு ஒரு போயா தினத்தன்று ‘முந்நூற்றிநாலு’ ஆட அவர்களையும் வேறொரு நண்பரையும் வீட்டிற்கு அழைத்தேன். ஒருவர் வருவது மற்றவர்க்குத் தெரியாது. தேநீரும் பருத்தித்துறை வடையும் பரிமாறிய என் மனைவியின் கை நடுங்கிற்று. அவ்விருவரையும் எதிரெதிரே இருத்தினேன், ஆகவே கூட்டாளிகளாயினர்.

இவ்வாட்டத்தில் 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. ராசாவுக்கோ வெறும் 3! மொத்தம் 304. தம் கைச்சீட்டைக் கூட்டாளிக்கு வாய்திறந்து சொல்லலாகாது. பேசாதோர்க்கு இதனினும் ஏற்ற ஆட்டம் ஏது?

மூன்றாம் ஆட்டத்தில் மூத்தவர் ஜாக்கை இறக்கினார். இளையவர் சற்றே தயங்கி, தம் ஒன்பதை அதன்மேல் வைத்தார். ஒரே முறையில் 50 புள்ளி!

“தம்பி, அதை நீர் வைத்திருந்திருக்கலாமே.”

ஈராண்டின்பின் பிறந்த முதற் பேச்சு அது.

“உங்களுக்குத் தேவைப்பட்டதே, அண்ணை.”

வேலி இன்றும் வளைந்தே நிற்கின்றது. ஞாயிறுதோறும் அதனைக் கடந்து இருவரும் ஒன்றாகவே எம் வீட்டிற்கு வருகின்றனர்.