சட்டைச் சீட்டு சொல்லாதது

"மனசாட்சி உறுத்தாம எந்த பிராண்ட் வாங்கலாம், அக்கா?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 'இயற்கைப் பருத்தி' என்ற சீட்டு பருத்தி விளைந்த விதத்தைச் சொல்லும். தைத்தவளை மேற்பார்வையாளர் எப்படி நடத்தினார் என்பதைச் சொல்லாது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றின் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். வயது 20. மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் டி.டி.சி.யு. சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை நிறுவனத்தோடு, அங்கே ஆடை வாங்கிய பன்னாட்டு பிராண்டும் கையெழுத்திட்டது. பாலினப் பாகுபாட்டோடு சாதிப் பாகுபாடும் அதில் தடை செய்யப்பட்டது. இதைப் பெற்றுத் தந்தது சங்கம்.

நாம் என்ன செய்யலாம்? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதை அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். உங்கள் தெருவில் மில்லுக்குப் போகும் அக்காவிடம் கேளுங்கள்: ஒட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் உங்கள் பெயர் இருக்கட்டும். அவர் பெயர் வேண்டாம், வேலை போய்விடும்.

விலை கூடிய சட்டை வாங்க வழியில்லாத நம் பிள்ளைகளாலும் இது முடியும்.