இரண்டு பல் போச்சு... வலி மட்டும் போகல!

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர் அந்த அம்மா. வயது 54. தெருமுனையில் அவர் குரல் கேட்டாலே நாலு வீட்டுக் கதவு திறக்கும்.

ஒருநாள் காலை முகம் கழுவும்போது வலது கன்னத்தில் ஷாக் அடித்ததுபோல ஒரு வலி. சில நொடிகள்தான், பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால், அன்றிலிருந்து பல் துலக்கினால் வலி, சோற்றை மென்றால் வலி, கடற்காற்று பட்டால்கூட வலி. வாய் திறந்து கூவினால் உயிர் போனது. கூவாமல் எப்படி மீன் விற்பது? பாதிக் கூடை மீனோடு வீடு திரும்பினார். 'அக்கா இப்பல்லாம் முகம் குடுத்துப் பேசறதில்ல' என்று தெருவில் பேச்சு வேறு.

சொத்தைப்பல் என்று நினைத்து கிராம்பு வைத்தார். ஒரு பல்லைப் பிடுங்கினார். இரண்டு மாதம் கழித்து இன்னொன்றையும். வலி அப்படியே இருந்தது.

மூன்றாவது பல்லையும் எடுத்துவிடலாம் என்று மகளுடன் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராமல், முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டே போனார். அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்த டாக்டர், "பல்லுல எந்தக் குறையும் இல்லம்மா. இது நரம்பு வலி" என்று அங்கிருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.

நோயின் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. மூளையோடு நேரடியாக இணைந்திருக்கும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது, முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கிறது. மூளைத்தண்டின் அருகே ரத்தக்குழாய் ஒன்று இந்த நரம்பை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். பற்களுக்கும் இதே நரம்புதான் என்பதால், பல்வலி என்றே தோன்றும். 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம். இந்தி நடிகர் சல்மான் கானும் இதே நோயால் தவித்து, 2011-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாஸெபைன்தான் முதல் மருந்து. டாக்டர் சொல்லாமல் அதைத் தொடங்கவும் கூடாது; நிறுத்தவும் கூடாது. மருந்து பலன் தராதவர்களுக்கு அறுவை சிகிச்சை உண்டு.

அந்த அம்மாவுக்கு மாத்திரையே கைகொடுத்தது. இப்போது தெருவில் மறுபடியும் அவர் குரல் கேட்கிறது. யாராவது பல் பிடுங்கப் போவதாகச் சொன்னால், கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஷாக் அடிச்ச மாதிரி வந்து வந்து போகுதா?"