பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்

எங்கள் தெருமுனையில் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் மணிப்பூர், நாகாலாந்துக்காரர்கள். இரவு கடையடைத்துவிட்டு அவர்கள் டீக்கடையைத் தாண்டிப் போகும்போது, யாராவது ஒருவன் அவர்கள் முகச்சாயலை வைத்து ஒரு சொல்லை வீசுவான். அது எல்லோர் காதிலும் விழும். டீ கிளாஸோடு நிற்கும் பத்துப் பேரில் சிலர் சிரிப்பார்கள். மற்றவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். அந்த ஒருவனைத் திருத்தும் வழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்துப் பேரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பத்துப் பேரில்தான் இருக்கிறோம்.

வெறும் கேலிதானே என்பவர்களுக்கு நான் நிடோ தானியமின் பெயரைச் சொல்வேன். அருணாசலப் பிரதேசத்து மாணவர். 2014 ஜனவரி 29 அன்று டெல்லி லஜ்பத் நகரில் வழி கேட்க ஒரு கடையருகே நின்றார். அங்கிருந்தவர்கள் அவருடைய தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்தார்கள். வாக்குவாதம் முற்றி அடிதடியானது. மறுநாள் அவர் இறந்துபோனார். இத்தனையும் ஆள் நடமாட்டம் மிகுந்த கடைவீதியில் தொடங்கியது. அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்தது. இன இழிவுப் பேச்சைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று கேட்ட குழு, வடகிழக்கின் வரலாறும் பண்பாடும் நாடெங்கும் பாடத்தில் சேர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரையை நிறைவேற்ற நாம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படிப் படிக்கத் தொடங்கியபோதுதான் மோரே என்ற ஊர் எனக்கு அறிமுகமானது. மணிப்பூரில், மியான்மர் எல்லையை ஒட்டிய ஊர் அது. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்களும் ஏராளம். கப்பலேறித் தமிழ்நாடு வந்தவர்களில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டவர்கள் எல்லையைக் கடக்க முடியாமல் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். குக்கி, மைதேயி, நாகா, நேபாளி மக்களோடு சேர்ந்து வாழ்ந்து, தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் கட்டினார்கள். திரும்பிப் போகவும் முடியாமல் நின்ற நம் மக்களுக்கு அந்த மண் இடம் கொடுத்தது. அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு நம் தெருவில் என்ன கிடைக்கிறது?

பார்லரில் வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பெண் ஒருவரிடம் மோரே பற்றிப் பேச்செடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "அங்கே தமிழ்க் கோயில் இருக்கு அக்கா. சின்ன வயசுல இட்லிகூட சாப்பிட்டிருக்கேன்" என்றார். அன்றைக்குத்தான் அவர் தன் குடும்பத்தைப் பற்றியும் பேசினார். 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட கலவரத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறார். "நீங்க சீனாவா? நாய்க்கறி சாப்பிடுவீங்களா?" என்று கேட்பவர்களிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வார்?

அதனால் முதலில் நாமே படித்துக்கொள்ள வேண்டும். காயம்பட்டவரிடமே போய் எனக்குப் பாடம் எடு என்று கேட்பது நியாயமில்லை. வடகிழக்கில் எட்டு மாநிலங்கள் இருக்கின்றன. எத்தனையோ மொழிகள். தெம்சுலா ஆவ், ஈஸ்டரின் கிரே போன்ற நாகா எழுத்தாளர்களின் கதைகளைப் படிக்கலாம். அரிபம் ஷியாம் சர்மாவின் மணிப்புரிப் படங்களைப் பார்க்கலாம். ஒரு மக்களின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களைப் பார்த்துச் சிரிப்பது கடினம்.

அடுத்தது வீடு. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், வடகிழக்குப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். சமையல் வாசனை, இரவில் வந்து போவது என்று காரணம் அடுக்கினார். கருவாடு மணக்காத மாடி எங்கள் குடியிருப்பில் கிடையாது, ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பாதிப் பேர் நள்ளிரவில்தான் வருகிறார்கள். நான் வாதம் செய்யவில்லை. "சார், இன்ன மாநிலத்துக்காரருக்கு வீடு இல்லை, காரணம் இது என்று தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை. தீர்மானம் அத்தோடு கைவிடப்பட்டது. வாயால் எளிதாக வருகிற வெறுப்பைக் காகிதத்தில் எழுதச் சொன்னால் மனிதர்கள் கூசுகிறார்கள். கூட்டங்களில் உட்காரும் எவரும் இந்த வழியைக் கையாளலாம்.

வதந்தி இதைவிட ஆபத்தானது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற புரளி செல்போனில் பரவியது. பெங்களூரு, சென்னை, புனே நகரங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குவஹாத்தி ரயில்களில் முண்டியடித்து ஏறினார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதையே அரசு சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது அந்த நோயின் பெயரையே இவர்கள் மேல் வசையாக எறிந்தார்கள். மற்ற மாநிலத்தவரும் தப்பவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் சுற்றின. இப்படிப்பட்ட வதந்திகளைப் பரப்பியவர்கள் எல்லோரும் ரவுடிகள் இல்லை. நம் அத்தைகளும் சித்தப்பாக்களும்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படியொன்று வந்தால், "இது எங்கே நடந்தது, யார் சொன்னது சித்தப்பா?" என்று அங்கேயே கேளுங்கள். தனியாகக் கேட்டால் அவருக்கு மட்டும்தான் தெரியும். குழுவில் கேட்டால் படித்த அத்தனை பேரும் யோசிப்பார்கள்.

தெருவில் அவமானம் நடக்கும்போது சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அவமானப்பட்டவர் பக்கத்தில் போய் நின்று, "வீட்டுக்குத்தானே போறீங்க? நானும் வர்றேன்" என்றாலே போதும். அவர் தனி ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சட்டமும் பக்கத்தில் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு இனத்தின் பெயராலும் பிறந்த இடத்தின் பெயராலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அவமானப்பட்டவர் பட்டியல் பழங்குடியினராக இருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரலாம். மற்றவர்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை அது குற்றமாக்குகிறது. அப்படிப் பார்த்தவர்கள் வாய் திறக்காவிட்டால் வழக்கு நிற்பது கடினம்.

ஆகவே, பார்த்ததைச் சொல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் ஒரு பெண்ணோ பையனோ காவல் நிலையத்துக்குத் தனியாகப் போக விடாதீர்கள். புகாரைத் தமிழில் எழுதிக்கொடுங்கள். சாட்சியாக உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.