இரண்டாம் பாகம்

சென்ற மாதம் ஒரு பத்திரிகாசிரியர் என்னைத் தேடிக்கொண்டு கோயமுத்தூருக்கே வந்துவிட்டார். எழுத்தாளன் பத்திரிகாசிரியரைத் தேடிப் போவதுதான் உலக வழக்கம். வழக்கத்துக்கு விரோதமாக ஒன்று நடந்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். மோர் கொடுத்து, விசிறியைப் போட்டு, என்ன சமாசாரம் என்று விசாரித்தேன். பல வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய தொடர்கதை ஒன்றுக்கு இரண்டாம் பாகம் வேண்டுமாம்.

"அதிலேதான் கதாநாயகி நொய்யல் வெள்ளத்தோடு போய்விட்டாளே!" என்றேன்.

"உடல் கிடைத்ததாக நீங்கள் எழுதவில்லையே, சார்!" என்றார் அவர்.

மனுஷர் கதையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்! முன்பணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை ரயிலேற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். யோசிக்க ஆரம்பித்ததும் என் கதாநாயகி ஞாபகத்துக்கு வரவில்லை. சிட்டி என்கிற இயந்திர மனிதன்தான் வந்தான்.

ஆகாயத்தில் பறப்பவன், ரயிலைக் கையால் நிறுத்துபவன், உலகத்தைக் காப்பாற்றிவிட்டு நன்றிகூட எதிர்பாராமல் போய்விடுபவன் என்று மேல்நாட்டுக்காரர்கள் படம் படமாக எடுத்துத் தள்ளுகிறார்களே, 'சூப்பர் ஹீரோ' என்று, அந்த ஜாதியில் நம் தமிழுக்கு வாய்த்த பிள்ளை சிட்டிதான். ஷங்கர் எடுத்த 'எந்திரன்' 2010 அக்டோபர் முதல் தேதி வெளியாயிற்று. ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும் வந்தார். அவர் செய்த இயந்திரம் சிட்டியாகவும் வந்தார். வசனத்தில் பெரும் பங்கு வகித்த சுஜாதா படம் வெளியாவதைப் பார்க்கவில்லை. 2008-லேயே காலமாகிவிட்டார்.

அந்தப் படத்துக்கு என் பேரனை அழைத்துப் போனேன். மகள் வயிற்றுப் பேரன். அப்போது அவனுக்கு ஏழு வயது. என் மனைவியும் வந்தாள். சினிமாவில் ஓடுகிற ரயிலையும் பறக்கிற காரையும் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே ஆடையில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கும் காமிராவுக்கும் முன்னால் நிறுத்திவிடுகிறான். உயிரைக் காப்பாற்றிய பெருமை அவனுக்கு. அவளோ அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். எல்லாம் தெரிந்த இயந்திரத்துக்கு வெட்கம் என்றால் என்ன என்று தெரியவில்லை. அந்தப் பிழையிலிருந்துதான் கதையே பிறக்கிறது. அதன் பிறகே வசீகரன் அவனுக்கு உணர்ச்சியைப் புகட்டுகிறான். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது. காதல் வந்ததும் எஜமானனோடு பகை வருகிறது. முடிவில் கோர்ட்டு உத்தரவுப்படி சிட்டி தன் அங்கங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறான், ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டே.

பேரன் விசித்து விசித்து அழுதான். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை.

"ஏனுங்க அப்பிச்சி, சிட்டி செத்துப்போச்சுங்களா?"

"சாகலடா கண்ணு. கழட்டித்தானே வெச்சிருக்காங்க? ஸ்க்ரூவைப் போட்டா மறுபடியும் எந்திரிச்சுக்குவான்" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "கொழந்தைகிட்ட எதுக்குங்க பொய் சொல்றீங்க? போனது போனதுதான்னு சொல்லிப்போடுங்க. அழுது முடிச்சான்னா தானாத் தூங்குவான்."

கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று உபதேசம் செய்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவனைத் தூங்க வைத்தேன்.

2018 நவம்பர் 29-ஆம் தேதி '2.0' வெளியாயிற்று. பேரனுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தது, மீசை அரும்பியிருந்தது. என் மனைவி அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே போய்விட்டாள். நாங்கள் இருவர் மட்டும் காந்திபுரம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், முப்பரிமாணத்துக்காகக் கொடுத்த கண்ணாடியை என் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

படத்தின் ஆரம்பம் பிரமாதம். ஒரு கிழவர் செல்போன் கோபுரத்தில் ஏறித் தூக்கில் தொங்குகிறார். பறவைகள் கூட்டமாக வந்து சுற்றுகின்றன. அடுத்தாற்போல் ஊரில் உள்ளவர் கையிலிருந்தெல்லாம் செல்போன்கள் பிய்த்துக்கொண்டு வானத்தில் பறக்கின்றன. கிழவரின் பெயர் பக்ஷிராஜன். அக்ஷய் குமார் நடித்தார். பறவைகளை ஆராய்கிறவர். கோபுரத்து அலைகளால் பறவைகள் மடிகின்றன என்று மந்திரியிடம் போகிறார், கம்பெனிக்காரர்களிடம் போகிறார், கோர்ட்டுக்குப் போகிறார். யாரும் காது கொடுக்கவில்லை. சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கோபுரம்தான் காரணம் என்று விஞ்ஞானம் முடிவு கட்டிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடு கட்ட ஓட்டு வீடும் குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சியும் இல்லாமல் போனது சிறிய விஷயமல்ல. செல்போன் கம்பெனிகளின் சங்கம் படத்தின் மேல் தணிக்கைக் குழுவிடம் புகாரே கொடுத்தது. அது கிடக்கட்டும். கதையில் அந்தக் கிழவரின் துக்கம் நிஜமாக இருந்தது.

பக்ஷிராஜன் என்ற பெயரைக் கேட்டதும் கோயமுத்தூர்க்காரனுக்குப் புத்தி வேறு பக்கம் ஓடாமலிருக்குமா? எங்கள் ஊரில் ஸ்ரீராமுலு நாயுடு நடத்திய ஸ்டூடியோவின் பெயர் பக்ஷிராஜா. அங்கேதான் 1954-ல் 'மலைக்கள்ளன்' உருவாயிற்று. நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு. வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு, இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் அந்தக் கள்ளனைக் காட்டிலும் பெரிய சூப்பர் ஹீரோ யார்? படம் அப்படி ஓடியும் நாயுடு அதற்கு இரண்டாம் பாகம் எடுக்கவில்லை. அதே கதையைத் தெலுங்கில் சொன்னார். இந்தியில் திலீப் குமாரை வைத்து 'ஆஸாத்' என்று சொன்னார். மலையாளம், கன்னடம், சிங்களம் வரை அந்தக் கதை போயிற்று. ஒரு கதை முடிந்துவிட்டால் முடிந்தது. வேண்டுமானால் இன்னொரு ஊராருக்கு முதலிலிருந்து சொல்லலாம் என்பது அந்தக் காலத்து வியாபாரம். அதுவும் வியாபாரம்தான், மறுக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. பக்ஷிராஜனைப் பார்த்த பலருக்கும் சாலிம் அலியின் ஞாபகம் வந்தது. 1896-ல் பிறந்து 1987-ல் மறைந்த அந்தப் பறவை மனிதரின் பெயரில் 1990-ல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஆனைகட்டியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. நிஜ சாலிம் அலி யாரையும் பழிவாங்கவில்லை. தொண்ணூறு வயது வரை பறவைகளைப் பார்த்துக்கொண்டும் அவற்றைப் பற்றி எழுதிக்கொண்டும் இருந்தார்.

ஆக, எனக்குப் படத்தில் மனம் ஒட்டிக்கொண்டது கிழவரிடம். 'எந்திர'னில் டாக்டர் போரா என்கிற வில்லனுக்குப் பேராசை தவிர வேறு காரணம் கிடையாது. பக்ஷிராஜனுக்குக் காரணம் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டாவது படம் முதல் படத்தை மிஞ்சிவிட்டது என்றே சொல்வேன். ஆனால் அவரை அடக்க யாராவது வேண்டுமே! கழற்றி வைத்த சிட்டியை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். அவனுக்குக் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்போல நிலா என்று ஒரு இயந்திரப் பெண்ணும் உண்டு. முதல் படத்தில் சிட்டி உயிரை விட்டது யாருக்காகவோ அந்த ஸனா, இதில் டெலிபோனில் ஒரு குரலாகத்தான் வருகிறாள். சிட்டி இம்முறை எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எதற்கும் ஏங்கவில்லை. சண்டை போடுகிறான். நன்றாகப் போடுகிறான்.

உச்சக்கட்டத்தில் ஒன்று நடக்கிறது. பக்ஷிராஜனின் ஆவி வசீகரனின் உடம்பில் புகுந்துகொண்டிருக்கிறது. விரல் அளவு குட்டிச் சிட்டிகள் புறாக்களின் மேல் ஏறி வந்து, வசீகரனை விட்டுப் போகாவிட்டால் இந்தப் புறாக்களைத் தொலைத்துவிடுவோம் என்று மிரட்டுகின்றன. கிழவருக்குப் பறவை என்றால் உயிர். உடனே விட்டு வெளியேறிவிடுகிறார். தியேட்டரில் ஒரே விசில். எனக்கோ யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளினாற்போல் இருந்தது. முதல் படத்தில் அன்பு வைத்ததால் இயந்திரம் தோற்றது. இதில் கிழவர் அன்பு வைத்ததால் தோற்கிறார். ஆனால் இம்முறை தோற்கிறவனை அல்லவா வில்லன் என்கிறார்கள்! கடைசியில் வசீகரனே கிழவர் சொன்னதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறான். அதைக் கோபுரத்தில் ஏறுமுன் யாராவது சொல்லியிருந்தால் படமே வேண்டியிருந்திராது.

வெளியே வந்து பேக்கரியில் டீ குடித்தோம். பேரன் பப்ஸைப் பிட்டுக்கொண்டே, "நல்லாத்தாங்க இருந்துச்சு. செல்போன் எல்லாஞ் சேர்ந்து பெரிய கழுகாட்டம் வருதே, அது சூப்பருங்க" என்றான்.

"சிட்டி?"

கொஞ்சம் யோசித்தான். "அவனுக்கு இனி என்ன ஆனாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க அப்பிச்சி. கழட்டுனா மாட்டிக்குவாங்க."

நான் பதில் சொல்லவில்லை. ஏழு வயதில் நான் அவனுக்குச் சொன்ன பொய் அப்படியே பலித்துவிட்டது. பலித்ததால் அவன் இரண்டு நாள் அழுத அழுகை வீணாகிவிட்டது.

"அன்னிக்கு அம்மாயி சொன்னதுதானுங்க செரி" என்றான் அவன், தம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே. ஞாபகம் வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் பாகமே ஆகாத காரியம் என்று சொல்ல வரவில்லை. சிலம்புக்குப் பின்னால் மணிமேகலை வந்ததே! சாத்தனார் கோவலனை எழுப்பி உட்கார வைக்கவில்லை. அவன் செத்ததால் அநாதையாகிப்போன பெண்ணின் கதையை எடுத்துக்கொண்டார். கண்ணகி வருகிறாள் என்றாலும் கோயில் தெய்வமாகத்தான் வருகிறாள். குடும்பம் நடத்த வரவில்லை. கல்கி 'பார்த்திபன் கனவு' எழுதிய பிறகு, கதை நடந்த காலத்துக்கும் பின்னோக்கிப் போய் 'சிவகாமியின் சபத'த்தை எழுதி முன்னதை மிஞ்சினார். இந்திக்காரர்கள் 2003-ல் வந்த 'கோயி மில் கயா'வுக்கு 2006-ல் 'க்ரிஷ்' என்று தொடர்ச்சி எடுத்தபோது, தகப்பனை விட்டு மகனைக் கதாநாயகனாக்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் செத்துப்போனதாகச் சொன்ன தகப்பனைக் கடைசியில் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தாமல் அவர்களாலும் இருக்க முடியவில்லை! கொட்டகையில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனை அழவிட்டு அனுப்ப அவ்வளவு பயம்.

என் கதாநாயகி விஷயத்துக்கு வருகிறேன். நொய்யலில் அவள் போனதை எழுதின இரவு என் மனைவிதான் அந்தப் பக்கங்களை முதலில் படித்தாள். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் காப்பியோடு வந்து, "அந்தப் புள்ளயோட கொழந்தைய யாருங்க பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. கதை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

நேற்று பத்திரிகாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டாம் பாகம் எழுதுகிறேன்; அது அந்தக் குழந்தையின் கதை; இப்போது அவளுக்கு இருபது வயது; தாயின் முகம் ஞாபகமில்லை; பேரூர்ப் படித்துறைப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாள் என்று விவரமாகத் தெரிவித்தேன். இன்று காலையில் அவரிடமிருந்து டெலிபோன்.

"ரொம்ப சந்தோஷம், சார். ஆனால் ஒரு சின்ன வேண்டுகோள். அம்மா கனவிலாவது வருவாள் இல்லையா?"

வரமாட்டாள் என்றேன். முன்பணத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.