போர்வை போட்ட ஜன்னலுக்கு ஒரு செடி

ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை 2010-ல் திறந்தது. அதற்குப் பிறகு கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். அறைக்கு ஒரே ஜன்னல், அதில் எந்நேரமும் போர்வை தொங்கும். பகல் பதினொரு மணிக்கும் யாராவது ஒருத்தி நைட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

செடி வேண்டும் என்று ஆரம்பித்தவள் திருவண்ணாமலைக்காரி. "யூனிஃபார்மும் சாம்பல், சுவரும் சாம்பல். கண்ணுக்கு ஒரு கலர் வேணாமாக்கா?" படப்பை பக்கம் ஒரு நர்சரியில் அவள் கை வைத்தது அக்லோனிமா. இலை முழுக்க ரோஸ், விளிம்பில் மட்டும் பச்சை. தொட்டியோடு 350 ரூபாய்.

"இருட்டுலயும் வளரும்மா, காத்தையும் சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்கு" என்றார் நர்சரிக்காரர். பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்யும் ராமநாதபுரத்து அக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆசையை உடைக்க எனக்கு மனசே இல்லை. நாசா 1989-ல் சோதித்தது, மூடிய பெட்டிக்குள் வைத்து. வீட்டில் சாதாரணக் காற்றோட்டம் செய்கிற அளவுக்குச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-ல் வந்த ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டது. நாங்கள் நாலு பேர் படுக்கவே அங்கே இடமில்லை.

இருட்டு விஷயம் பாதி உண்மை. தென்கிழக்காசியக் காடுகளில் மரங்களுக்கு அடியில் வளர்கிற இனம் இது. ஆனால் அந்தப் பேரைச் சம்பாதித்தவை பச்சையும் வெள்ளிச் சாம்பலும் கலந்த பழைய வகைகள். சிவப்பு பிறகு வந்தது. இந்தோனேசியாவின் கிரெக் ஹம்பாலி 1980களில் சுமத்ராவின் ரோட்டண்டம் இனத்தைக் கலந்து 'பிரைட் ஆஃப் சுமத்ரா'வை உருவாக்கினார். சிவப்பு, ரோஸ் வகைகளின் இலையில் பச்சையம் குறைவு. அதனால் கூடுதல் வெளிச்சம் கேட்கும். இருட்டில் வைத்தால் உடனே சாகாது, புது இலைகள் மங்கலாக வரும்.

"அப்போ பகல்ல போர்வையை எடுத்துடலாம்" என்றாள் திருவண்ணாமலைக்காரி.

"செடிக்கு வெளிச்சம் வேணும், சரி. எனக்குத் தூக்கம் வேணாமா புள்ள?" என்றார் அக்கா. அவருக்கு அந்த வாரம் நைட்.

யாரும் பேசவில்லை. அவள் கேட்டதும் தப்பில்லை, அக்கா கேட்டதும் தப்பில்லை. இரண்டு செடி வாங்கலாம் என்றேன். அறைக்குள் 150 ரூபாய்க்கு 'சில்வர் பே'. ரோஸை மாடிப்படித் திருப்பத்தில் வைக்கலாம், அங்கே நேர்வெயில் இல்லாத நல்ல வெளிச்சம் (நேர்வெயில் பட்டால் இலை கருகும்).

"வெளிய வெச்சா அது நம்ம செடியா?" என்றாள். ஆனாலும் ஆளுக்கு 125 ரூபாய் போட்டோம்.

மாடிப்படியில் போகிறவர், வருகிறவர் எல்லாரும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மேல்மண் காயாமல் ஊற்றினால் இந்தச் செடிக்கு வேர் அழுகும். கீழ் இலை இரண்டு மஞ்சளானதும் "தண்ணி ஊத்தாதீங்க" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினோம். இந்தி எழுதித் தந்தது எதிர் அறைப் பையன். அதிகமாக ஊற்றியவனும் அவன்தான்!

மார்ச்சில் திருவண்ணாமலைக்காரிக்கு கான்ட்ராக்ட் முடிகிறது. ரோஸை ஊருக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டாள். பக்கக் கன்றைப் பிரித்துத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். சொந்த வேர் பிடித்து மூன்று, நான்கு இலை வந்த பிறகுதான் பிரிக்கணும். இப்போதைக்குக் கன்றில் இரண்டு இலை.